வௌவால் நேரம்

“இது பாட்டா, இல்ல பக்கத்துல யாராவது போர்வெல் போடறாங்களா?”

கல்லூரி வானொலிக்கு வந்த மூன்றாவது புகார்க் கடிதம் அது. வானொலிக்குப் பொறுப்பான பேராசிரியை அதை நாலாக மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு மாடியேறினார்.

புதன்கிழமை, மாலை நாலு மணி. ‘வௌவால் நேரம்’ ஓடிக்கொண்டிருந்தது. கோத், இண்டஸ்ட்ரியல் என்று இந்த இசைக்கு ஏதேதோ பெயர் சொல்கிறார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல ஒரு குரல். பின்னால் தொழிற்சாலை இரைச்சல். நடத்துகிறவள் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. கறுப்பு உடை, கறுப்பு நகம், உதட்டில்கூட கறுப்புச் சாயம். கல்லூரியே அவளை வௌவால் என்றுதான் கூப்பிடும். அவளும் அதையே நிகழ்ச்சிக்குப் பெயராக வைத்துவிட்டாள்.

கதவைத் திறந்து உள்ளே போனதும் வெளிச்சத்தம் மொத்தமும் அடங்கிப்போனது, தண்ணீருக்குள் முங்கியது போல. திரை வழியே வந்த வெயில் சுவரில் மெல்ல அசைந்தது.

மைக் முன்னால் அவள் பாதிக் கண் மூடிப் பேசிக்கொண்டிருந்தாள்.

“கண்ணை மூடிக்கங்க... நீளமான ஒரு குகைக்குள்ள பறந்து போறோம்... கையைக் காலை ஆட்டக் கூடாது. ஆட்டினா வௌவால் கூட்டம் கலைஞ்சிடும்...”

டொக். டொக். டொக். டொக். பிறகு நீளமாக ஒரு ‘ர்ர்ர்’. மறுபடியும் டொக் டொக்.

கேட்கக் கேட்க, பேராசிரியைக்கே ஒரு கணம் கண் சொருகியது. சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

“என்னம்மா இதெல்லாம்?”

அவள் பதறி, உதட்டில் விரல் வைத்து, ‘பேசாதீங்க’ என்று சைகை காட்டினாள்.

அவ்வளவுதான், பேராசிரியைக்குச் சுருக்கென்றது. குமிழைத் திருகி ஒலிபரப்பையே நிறுத்திவிட்டார்.

“மேடம், ப்ளீஸ். இன்னும் ஆறே நிமிஷம்.”

“ஆறு நிமிஷம் இந்த டொக்டொக்கா? கேக்கறவங்களுக்குக் காது வேணாமா?”

“இல்ல மேடம், அது வந்து...”

தொலைபேசி அடித்தது.

“இதோ, நாலாவது புகார்” என்றபடி பேராசிரியையே எடுத்தார்.

“ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டு நர்ஸ் பேசறேங்க. ரேடியோ நின்னுபோச்சே. பிள்ளைங்க எல்லாம் அசையாமப் படுத்துக் கேட்டுக்கிட்டிருந்தாங்க. கொஞ்சம் திரும்பப் போடறீங்களா?”

“எது, இந்தச் சத்தத்தையா?”

“அதேதாங்க.”

ஒன்றும் புரியாமல் பேராசிரியை குமிழைத் திருகினார். டொக் டொக் மறுபடி அறையை நிரப்பியது. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் மைக்கை மட்டும் அணைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்.

“எங்கக்கா அந்த ஆஸ்பத்திரியிலதான் பிள்ளைங்களுக்கு ஸ்கேன் எடுக்கற வேலை பாக்கறா, மேடம். இது அந்த மெஷின் சத்தம். நாளைக்கு ஒவ்வொரு பிள்ளையும் அதுக்குள்ள தனியாப் படுக்கணும்... நம்ம பாட்டுதான் வருதுன்னு நெனச்சுட்டா அழ மாட்டாங்க.”