டயர் பார்த்த மாமனார்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. சத்தியம். பக்கத்து வீட்டு கிளைட் முதலிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையில் பியர் இருந்தது உண்மைதான். ஆனால் அது அன்றைக்கு முதல் டப்பா.

ஆர்விலின் பூட்ஸ் இரண்டும் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. அசைவில்லை. காரை ஓட்டிவந்த வேட், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி துக்க வீட்டுக்கு வந்தவன்போல் நின்றான்.

"அப்பா, போதும். வெளிய வாங்க" என்றாள் டெஸ்ஸா.

"இரு. இவன் உன்னை வண்டியில வச்சுக்கிட்டுக் கணவாய் ஏறப் போறான். ஏறுவானா, உருளுவானான்னு நான் பாக்க வேண்டாமா?" என்றன பூட்ஸ்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, ஈஸ்டர் விருந்து. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் அம்மாவிடம் டெஸ்ஸாவைக் கூட்டிப்போய்க் கல்யாணச் செய்தியைச் சொல்ல வந்திருந்தான் வேட். மொன்டானாவில் அந்த ஊர் அப்பாக்கள் பையனின் குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை, டயரைப் பார்ப்பார்கள். முதலில் வந்த பையனை டயர் வழுக்கை என்று விரட்டினார் ஆர்வில். அடுத்தவன் பிரேக் கீச்சிட்டதால் போனான். "இவனை விரட்டினா நானும் கூடவே போயிடுவேன்" என்று டெஸ்ஸா காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"என்ன ஆர்வில், அடுத்த மாப்பிள்ளையா?" என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான் கிளைட். "இந்தத் தடவை லைட் எரியுதான்னு மட்டும் பாத்துட்டு விட்டுடேன்."

"உன் பொண்ணைக் கட்டினவன் சைக்கிள்ல வந்தான். அதுலயும் பிரேக் இல்லை. நீ பேசாதே."

ஆர்வில் ஊர்ந்து வெளியே வந்தார். வண்டி கூரைவரை பனிக்காலத்து உப்பும் சேறும் அப்பிக் கிடந்தது. தன் கடையில் அவர் ஆயுசில் தொட்ட வண்டிகளெல்லாம் கழுவித் துடைத்து மெழுகு பூசியவை. சேறு படிந்த வண்டியை இவ்வளவு உற்றுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இது என்ன நிறம், தம்பி?"

"மழை பெஞ்சாதான் சார் தெரியும்."

ஆர்வில் பையிலிருந்து ஒரு பென்னி எடுத்தார். காசிலிருக்கும் லிங்கனைத் தலைகீழாக டயரின் பள்ளத்தில் இறக்க வேண்டும். உச்சந்தலை மறைந்தால் டயருக்கு ஆயுள் உண்டு. முழுத் தலையும் தெரிந்தால் டயர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குத் தலை தெரிந்தது, தாடி தெரிந்தது, இடுப்பு பெல்ட்டும் தெரிந்தது. காசில் இடுப்பு கிடையாதே என்பீர்கள். கிளைடைக் கேளுங்கள்.

"டயர் இல்லடா இது, பலூன்!" என்றார். "ஓரத்துல பாரு, வறண்ட குளம் மாதிரி வெடிச்சிருக்கு. சாவியைக் குடு."

காப்பிக் கோப்பையும் கையுமாக ஏறித் தெருமுனைவரை ஓட்டினார். பிரேக்கை மிதித்ததும் எழுந்த கிறீச்சில், மேலே வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த வாத்துக் கூட்டம் சொந்தக்காரன் யாரோ கூப்பிடுகிறான் என்று தெருவில் இறங்கிவிட்டது. இரண்டாம் முறை மிதித்தபோது இரும்பை இரும்பு தின்னும் சத்தம். மிதிகட்டை தரையைத் தொட்டது, வண்டி இடப்பக்கம் இழுத்தது, ஸ்டியரிங் உதறிய உதறலில் காப்பியிலிருந்த பால் வெண்ணெயாகத் திரண்டது.

திரும்பி வந்தவர் முகம் வெளுத்திருந்தது. இப்போது அது விளையாட்டுக் கோபமில்லை.

"இதுலயா என் பொண்ணைக் கூட்டிட்டுப் போக இருந்தே? முதல் வளைவுலயே ரெண்டு பேரும் பள்ளத்துல கிடப்பீங்கடா! எவன்டா இதை உன் தலைல கட்டினான்?"

"போன மாசம் எங்கம்மா இந்தப் பக்கம் வந்தப்ப வாங்கினாங்க, சார். பிரேக், டயர் எல்லாம் புதுசுன்னு கடையில சொன்னாங்களாம்."

"டயர்ல கறுப்புச் சாயம் தடவியிருப்பான். ரெண்டு நாளைக்குப் புதுசு மாதிரி பளபளக்கும். ரேடியோவைச் சத்தமா வச்சுட்டு ஓட்டிக் காட்டியிருப்பான், பிரேக் கீச்சு காதுல விழாது. ஒரு பாட்டியம்மா சர்ச்சுக்கு மட்டும் ஓட்டினதுன்னு சொன்னானா?"

"அப்படியேதான் சொன்னாங்களாம், சார்" என்றான் வேட் வியப்போடு.

"அப்பா, வித்தது யாரா இருந்தா என்ன? விடுங்களேன்" என்றாள் டெஸ்ஸா.

"விடறதா? ஒரு தாயை ஏமாத்தியிருக்கான், நான் விடறதா?" ஆர்விலின் குரலுக்கு வாத்துகள் மறுபடி பறந்தன. "தம்பி, உன் மேல தப்பில்லை. உனக்கு என் பொண்ணைக் குடுக்கறேன், சந்தோஷமாக் குடுக்கறேன். ஆனா அந்தக் களவாணியைச் சும்மா விடமாட்டேன். நாலு டயரும் பிரேக்கும் அவன் கைக்காசுல மாத்தணும். உங்கம்மா கிட்ட நேர்ல போய் மன்னிப்பும் கேக்கணும். இல்லேன்னா அவன் கடை வாசல்லயே நின்னு ஊரைக் கூட்டுவேன். கிளைட், நீ சாட்சி!"

"சாட்சிதான்" என்று கிளைட் டப்பாவை உயர்த்தினான்.

"நாளைக்குக் காலைல முதல் வேலை அதுதான். நானும் உன்கூட அந்தக் கடைக்கு வர்றேன்!"

வேட் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். டெஸ்ஸா வானத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றி, சார். நாளைக்கு நீங்க கடையை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"