இடது பக்கம் இழுக்குது

கண்ணாடிப் பலகையின் மேல் ஃபோர்க் குழாயை உருட்டிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார் மெக்கானிக். குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே வளைவு இருக்கிறது என்று அர்த்தம். மயிரிழை வெளிச்சம்கூட இல்லை. அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இது நாலாவது தடவை. கூரியர்காரருடைய பைக் ஒரு லாரியின் பின்னால் போய் மோதியதில் முன் ஃபோர்க் இரண்டும் உள்பக்கம் மடங்கிப்போயின. கூரியர்காரர் கட்டுப் போட்ட கையோடு இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். அவர் எழுந்து வருவதற்குள் மெக்கானிக் குழாய்களைப் பிரஸ்ஸில் கொடுத்து நிமிர்த்தி, ஆயில் சீல் புதிதாகப் போட்டு, வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டார்.

வந்து ஓட்டிப் பார்த்த மனிதர், இடது பக்கம் இழுக்கிறது என்றார். இரண்டாம் தடவை மெக்கானிக் சக்கரத்துக்குப் பெண்டு எடுத்தார். மூன்றாம் தடவை ஹேண்டில் பாரையும், அது திரும்புகிற கழுத்திலுள்ள கோன் செட்டையும் மாற்றினார். அப்போதும் இழுக்கிறது என்றுதான் அவர் திரும்பி வந்தார்.

"இடது பக்கம் ஹேண்டிலே என்னைவிட்டு விலகி நிக்குதுங்க. எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் அதே பாட்டு.

வேறு யாராவது என்றால் தலைமுழுகிவிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்பார்கள். இவருக்கு அது முடியாது. தெருமுனையில் வரும் வண்டியைப் பார்த்தே எந்த ஃபோர்க் வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற கண் அது. அந்தக் கண்ணை நம்பித்தான் இருபது வருஷமாகக் கடை ஓடுகிறது.

போதாக்குறைக்கு மச்சினன் வேறு. மெயின் ரோட்டில் அளவு பார்க்கிற மெஷின்களோடு பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். இந்தப் பொட்டிக்கடையை மூடிவிட்டு என்னிடம் வேலைக்கு வாருங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் அழைப்பான். போன வாரம் ரோஷம் தலைக்கேறி மெக்கானிக் ஒரு வார்த்தை விட்டுவிட்டார்: இந்தத் தடவையும் இழுத்தால் கடைச் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு உன்னிடமே வேலைக்கு வருகிறேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் மனிதர் கெட்டிக்காரர்.

மச்சினன் இன்று காலையிலேயே வந்து ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஃபோர்க்கைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, மெக்கானிக் முதலில் தானே ஒரு சுற்றுப் போனார். நேர் சாலையில் இரண்டு கையையும் விட்டுப் பார்த்தார். வண்டி கோடு போட்டாற்போலப் போனது. திரும்பி வந்து, கூரியர்காரரிடம் வண்டியைக் கொடுத்தார்.

பத்து நிமிஷத்தில் அவர் வந்து நின்றார். இடது தோளிலிருந்து வழுக்கிய பையை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு, உதட்டைப் பிதுக்கினார். "இழுக்குதுங்க."

மெக்கானிக்குக் கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. கையை விட்டே ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"கண்ணு மங்கிட்டா கோணலும் நேராத்தான் தெரியும் மாமா" என்றான் மச்சினன்.

கடைக்கு நடுவே இடுப்பளவுச் சுவர். இந்தப் பக்கம் கிரீஸ், அந்தப் பக்கம் மெக்கானிக்கின் மனைவியின் தையல் மெஷின். கூரியர்காரர் அலுத்துப்போய் அந்தப் பக்கம் போனார். வண்டிதான் இப்படி ஆகிவிட்டது, கொண்டுவந்த துணியில் ஒரு சட்டையாவது உருப்படியாகத் தைத்துக் கொடுங்கள் என்று முதுகைக் காட்டி நின்றார். அவளும் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள்.

மச்சினன் வாக்கை ஞாபகப்படுத்தினான். நாளைக்கே வந்துவிடலாம், சீருடைகூடத் தயாராக இருக்கிறது என்றான். ஒருவேளை கண்தான் போய்விட்டதோ என்று மெக்கானிக்குக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. இந்த வயதில் இன்னொருவனிடம் கைகட்டி நிற்பதைவிட, இத்தனை நாள் வளைந்த ஃபோர்க்கையே நேர் என்று கொடுத்தனுப்பியிருப்போமோ என்பதுதான் அவரை வதைத்தது.

எழுந்துபோய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். ஆதரவுக்கு மனைவியைத் திரும்பிப் பார்த்தால், அவள் நிமிரக்கூட இல்லை. கூரியர்காரரின் கழுத்தடியில் டேப்பை வைத்து ஒரு பக்கம் அளந்தாள், மறுபக்கம் அளந்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, திரும்பவும் முதலிலிருந்து அளந்தாள்.

மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இங்க என் பொழப்பே போயிட்டிருக்கு. உனக்கு அந்தச் சட்டைதான் இப்ப முக்கியமா?"

அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அடிபட்டபோது எந்த எலும்பு முறிந்தது என்று கூரியர்காரரிடம் கேட்டாள். காறை எலும்பு என்று அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே தொட்டுக் காட்டினார். மச்சினன் சாவிக்குக் கையை நீட்டினான்.

"சாவிய உள்ள வைங்க" என்றாள் அவள். "வண்டி நேராத்தான் இருக்கு, இவருக்கு இடது தோள்தான் ஒரு இஞ்சு குறையுது."