பல் பிடுங்க வந்தவர்

"ஏங்க, அந்தத் தலையணையைக் கீழே வைங்க. எல்லாரும் பாக்கறாங்க."

பூன் வைக்கவில்லை. அரைமணி முன்னால் வாங்கிய புதுத் தலையணையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசை நடுவிலிருந்த அடுப்பில், இளநீரில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது.

"குவோக் அண்ணன் உள்ளே வராரு. திரும்பிப் பாக்காதே லாய்-குவென்," என்றார் தலையணைக்குப் பின்னாலிருந்து.

லாய்-குவென் உடனே திரும்பிப் பார்த்தாள். அப்படிச் சொன்னால் எந்தப் பெண்டாட்டிதான் பார்க்க மாட்டாள்?

குவோக்கேதான். ஹாங்காங்கில் அவர்கள் தெருமுனையில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமையானால் தெருவே ரயிலேறி, எல்லைக்கு அந்தப் பக்கம் விலை மலிவான ஷென்ஷென்னுக்குச் சாப்பிடவும் சாமான் வாங்கவும் ஓடிவிடுகிறது என்று குமுறிக்கொண்டிருப்பவர். 'நம்ம தெருவில் சாப்பிடுவோம்' என்று கடை வாசலில் பேனரே கட்டிவிட்டார். அந்தப் பேனருக்குக் கீழே நின்று, முதல் ஆளாகக் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தவர் பூன்.

இப்போது அதே ஷென்ஷென்னில் கையும் கோழியுமாக மாட்டிக்கொண்டார்.

"அடடே, யாரிது? தலையணை வியாபாரியா?" குவோக் தன் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக அவர்கள் மேசைக்கே வந்துவிட்டார். "என் கடைக்கு நாலு எட்டு வெச்சு வர முழங்கால் வலி. எல்லை தாண்டி வர மட்டும் கால் சரியாயிடுச்சாக்கும்?"

பூன் தலையணையை இறக்கினார்.

"உக்காருங்கண்ணே. ஒரு வாய் டீ குடிங்க."

அவர் ஊற்றிய டீக்கு, குவோக் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்லிக்கொண்டார். திட்டுவது வேறு, மரியாதை வேறு.

"நான் பல் பிடுங்க வந்தேன் தம்பி. நம்ம ஊர்ல ஒரு பல்லைப் பிடுங்கணும்னா சொத்தையே எழுதி வைக்கணும். நீ எதுக்கு வந்தே? நாக்கு கேக்குது, வந்துட்டே! அங்க நான் ஒருத்தன் மூங்கில் கழியில ஏறிக் குதிச்சுக் குதிச்சு மாவை அழுத்தி, சொந்தக் கையால நூடுல்ஸ் வெட்டிப் போடறேன். அதை விட்டுட்டு வர்றீங்க பாரு, நன்றி கெட்ட ஜனங்க!"

பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். லாய்-குவென்னுக்கு உடம்பெல்லாம் கூசியது. கணவர் திருப்பி நாலு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தாள்.

"தப்புதாண்ணே," என்றார் பூன். "அடுத்த ஞாயிறு உங்க கடையிலதான்."

"ம்க்கும், சொல்றதோட சரி!"

குவோக் எழுந்தார். சாப்பிடத்தான் வந்திருப்பார். இவ்வளவு பேசிவிட்டு அங்கேயே எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது? ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெட்டியை இழுத்தார். பூன் ஓடிப்போய் அதை வாசல் படியில் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

லாய்-குவென் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வாயில என்ன கொழுக்கட்டையா? அந்த மனுஷன் ஊரைக் கூட்டிக் கேவலப்படுத்தறாரு. நீங்க டீயும் ஊத்திக் குடுத்து, பெட்டியும் தூக்கறீங்க! வாரம் முழுக்க மாடா உழைச்சுட்டு ஒரு நாள் வெளியே வந்தா, அதுலயும் மானம் போகணுமா? இனிமே உங்களோட நான் எங்கேயும் வரலை சாமி!"

"கோழி வெந்துடுச்சு. சாப்பிடு."

"பல் பிடுங்க வந்தவருக்கு இவ்வளவு பெரிய பெட்டி எதுக்குன்னாவது கேட்டிருக்கலாம்ல?"

பூன் ஒரு கோழித் துண்டை எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தார்.

"கேட்டா அவர் பதில் சொல்லணுமே."

"சொல்லட்டுமே!"

"நீ மூக்குக்கண்ணாடிக்கு பிரேம் பாத்துட்டிருந்தப்ப, நான் கீழ்த்தளத்துக்குப் போனேன். அங்க மொத்த வியாபாரக் கடையில அவரைப் பாத்தேன். அவர் என்னைப் பாக்கலை. பெட்டி நிறைய நூடுல்ஸ் பாக்கெட்டா அடுக்கிட்டிருந்தாரு. எல்லாம் ஃபேக்டரி நூடுல்ஸ். இடுப்பு போனதுலேர்ந்து அதைத்தான் நமக்கு அவிச்சுப் போடறார்போல."

"அடப்பாவி! சொந்தக் கையால வெட்டினதுன்னு சொல்லி..."

"ருசியா இருக்குன்னு ரெண்டாவது கிண்ணம் வாங்கினது யாரு?"

லாய்-குவென் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"இவ்வளவு தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தீங்க? அப்போ எதுக்கு நீங்க ஒளிஞ்சீங்க? அவருல்ல ஒளியணும்!"

"அவருக்கு ஒளிய இடம் ஏது, பெட்டியும் கையுமா நிக்கறாரு. அதான் நான் ஒளிஞ்சேன்," என்றார் பூன். "திட்டு வாங்கின எனக்கு இன்னிக்கு இந்தக் கோழி இறங்கும் லாய்-குவென். ஊர் முன்னாடி அவர் பெட்டி திறந்திருந்தா, அந்த மனுஷனுக்கு இனிமே எந்தச் சோறும் இறங்காது."