அறையில் வேறு யாரும் இல்லை

பெரியம்மாவின் குரலைத் திருடிவிட்டார்கள். திருடியது வெளியாள் இல்லை, பெரியப்பாதான்.

அவருடைய கம்பெனி, அவரே தலைவர். இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததும் மனைவி பெயரைப் போட்டார். ஆறு வருஷமாகிறது. பெரியம்மா ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. அவளுடைய குரல் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தவள் பெரியம்மாவின் தங்கை மகள். கல்லூரியில் படிக்கிறாள். எதற்கெடுத்தாலும் வாதம் பண்ணுவதால் வீட்டில் அவள் பெயர் ‘வக்கீல்’. விடுமுறைப் பயிற்சிக்கு வந்து, கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

நேரில் வராத இயக்குநர் எங்கிருந்து பேசுகிறார், கூட யார் இருக்கிறார்கள் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அது விதி.

“வீட்டிலிருந்து பேசுகிறேன். அறையில் வேறு யாரும் இல்லை” என்றது ஸ்பீக்கர். பெரியம்மாவேதான். கடைசியில் ஒரு சின்ன இருமல்.

வக்கீலுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது மடியில் போன் அதிர்ந்தது. மெல்லக் காதில் வைத்தாள்.

“ஏண்டி, மாடிக் கதவு சாவியை எங்க வெச்சே? துணியெல்லாம் நனையுது!”

“தலைவர் சொல்வதே என் முடிவு” என்றது ஸ்பீக்கர். இருமல்.

“என்னடி, காதுல விழுதா இல்லையா?” என்றது போன்.

இந்தக் காதில் ஒரு பெரியம்மா. அந்தக் காதில் இன்னொருத்தி. மேஜையைச் சுற்றியிருந்த எட்டு ஆண்களில் ஒருவர்கூட நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கொட்டித் தீர்த்தாள்.

பெரியம்மா கையிலிருந்த துணியை அப்படியே வைத்தாள். “என் பேரைப் போட்டப்போ ஏதோ ரெண்டு வரி படிக்கச் சொல்லிப் பதிவு பண்ணார். எனக்கு இருமல் வேற...” பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள். “ஸ்பீக்கர்ல இருக்கறவளுக்கு இன்னும் இருமல் நிக்கலையா?”

“சிரிக்காதீங்க பெரியம்மா! இது மோசடி. எட்டுப் பேரும் உடந்தை. ஒருத்தருக்காவது மனசாட்சி இருக்கா?”

“அடுத்த கூட்டம் எப்போ?”

“வெள்ளிக்கிழமை. உற்பத்தி மேலாளர் இருக்காங்களே, இருபத்திரண்டு வருஷமா தொழிற்சாலையை நடத்துற அக்கா, அவங்களைக் குழுவுல சேர்க்கலாமான்னு ஓட்டு.”

வெள்ளிக்கிழமை பெரியம்மா நேராகக் கூட்ட அறைக்குள் வந்து, காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பக்கத்து அறையிலிருந்து பதிவை ஓட்டும் உதவியாளருக்கு அது தெரியாது. வழக்கம்போல் பொத்தானை அழுத்தினார்.

“வீட்டிலிருந்து பேசுகிறேன். அறையில் வேறு யாரும் இல்லை.” இருமல்.

எட்டுத் தலைகளும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பின. ஒரு கண்கூட நாற்காலிப் பக்கம் வரவில்லை.

“அம்மா வந்துட்டாங்க. ஆரம்பிக்கலாம்” என்றார் ஒருவர்.

ஓட்டெடுப்பு. வேண்டும் என்று நாலு பேர், வேண்டாம் என்று பெரியப்பாவோடு நாலு பேர்.

“தலைவர் சொல்வதே என் முடிவு” என்றது ஸ்பீக்கர்.

“என் முடிவு அது இல்ல. அந்தப் பொண்ணு வரணும்” என்றாள் பெரியம்மா.

பெரியப்பா அவளைப் பார்க்காமல் பேசினார். “எங்க இயக்குநர் எப்பவும் வீட்டிலிருந்துதான் பேசுவாங்க. குறிப்பே சாட்சி.”

வக்கீல் எழுந்தே விட்டாள். “பொய்! அது வெறும் பதிவு! போன தடவை கூட்டம் நடக்கும்போது பெரியம்மா என்கூட போன்ல பேசிட்டிருந்தாங்க!”

“அப்படியா? கூட்டம் முடிஞ்சு மூணு நாள் கழிச்சு, சுத்தமா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே, அதைப் படிம்மா.”

தாள் அவள் முன்னால் வந்து விழுந்தது. அவளுடைய அழகான கையெழுத்து. ‘பெண் இயக்குநர் வீட்டிலிருந்து கலந்துகொண்டார்.’

“இதைத் திருத்தணும்னா, தெரிஞ்சே பொய் எழுதினேன்னு கீழே எழுதணும். அப்புறம் பயிற்சிச் சான்றிதழ் கேட்டு என்கிட்ட வரக்கூடாது.”

வக்கீல் மெல்ல உட்கார்ந்தாள்.

ஸ்பீக்கர் மெல்ல இருமியது.

பெரியம்மா அவளையே பார்த்தாள். “நீ சொல்லு வக்கீலு. இந்த அறையில நான் இருக்கேனா, இல்லையா?”

வக்கீல் தாளை இழுத்து, பேனாவின் மூடியைத் திறந்தாள்.

“இருக்கீங்க பெரியம்மா. அன்னிக்குத்தான் இல்ல. தெரிஞ்சேதான் எழுதினேன்.”