நிவாரண மகள்

கைதிகளுக்குப் பிள்ளை கூடாது என்பது சட்டம். அதற்காகக் கைதியின் மனைவி வாடக்கூடாது என்பது சிறைத்துறையின் பெருந்தன்மை. ஆகவே சந்தனமாரிக்கு வீட்டுச் சுவர்த்திரையில் ஒரு கணினி மகளைக் கொடுத்தார்கள். கருணைச்செல்வி என்று பெயரையும் துறையே சூட்டியது. திரைக்குள்ளேயே தவழ்ந்து, பேசி, அவளுக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

“நாளைக்கு உங்க வீட்டுக்காரர் விடுதலை. அதோட பாப்பாவையும் நிறுத்திடுவோம்மா,” என்றார் அதிகாரி. “இனிமே நீங்களே பெத்துக்கலாம்.”

“நாப்பத்தேழு வயசுலயா சார்?”

“சட்டத்துல தடை இல்லையே.”

சந்தனமாரி ஒரு மனுத்தாள் கேட்டு வாங்கினாள். வெளியே வந்தால் தன்னைக் கொன்றுவிடுவதாகக் கணவன் மிரட்டினான் என்று பொய் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடமே கொடுத்தாள்.

வீட்டுத் திரையில் மகள் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்பா நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாங்கம்மா?”

“அப்பா வரமாட்டாங்க, கண்ணு.”