இரண்டாவது பிரேக்

பிரேக்கை மிதித்தது நான்தான்.

கார் நட்ட நடு ரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"என்னக்கா இது? இப்படியா பிரேக்கை அமுக்குவாங்க?" என்றேன், கொஞ்சம்கூடக் கூசாமல்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தையல்கடை அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கழுத்தில் அளவெடுக்கும் டேப். கடையிலிருந்து அப்படியே வகுப்புக்கு ஓடி வந்துவிடுவார். சாவியைத் திருப்பி மறுபடி வண்டியை எடுத்தார்.

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லித் தருகிற எங்கள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மிதிப்பதற்கு.

அக்கா தடுமாறவில்லை. எதிரே ரோடு துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது.

கொஞ்ச காலமாகவே இப்படித்தான். கழுத்திலிருந்து குபீரென்று ஒரு சூடு ஏறும். நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும். ஏதோ நடக்கப்போகிறது, இதோ இப்போதே நடக்கப்போகிறது என்று தோன்றும். என்ன நடக்கப்போகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்குள் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிருக்கும்.

"பயப்படாதீங்க, வண்டி உங்க கையிலதான் இருக்கு" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப்பானையில் விழுந்த கதைதான்.

இரண்டு மாதமாக நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே எடுப்பதற்குக்கூட வகுப்புக்கு வருகிறவர்களைத்தான் விடுகிறேன். "எடுக்கவும் தெரியணுமில்ல?" என்று அதற்கொரு சாக்கு.

வீட்டில் சொல்லாமல் இல்லை. "உனக்கு என்ன குறைச்சல்?" என்றார் கணவர். யோசித்துப் பார்த்தேன். ஒரு குறைச்சலும் இல்லைதான்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள், மூச்சை இழுத்து விடச் சொல்லித் தரும் ஒரு வீடியோவை அனுப்பினாள். அதில் வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சிரித்துக்கொண்டே மூச்சு விட்டாள். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

இதய டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, இதயம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது என்றார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். சில மாதம் எட்டியே பார்க்கவில்லை, பிறகு ஒரே மாதத்தில் இரண்டு தடவை என்றேன். அது நிற்கப்போகிற காலத்தில் இந்தப் படபடப்பும் சேர்ந்து வரலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது, மகளிர் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார்.

டாக்ஸி பிடித்து இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி கேட்டைக் கண்டதும் வண்டியைத் திருப்பச் சொல்லி வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். டாக்டரைப் பார்க்கப் பயந்து ஓடிவந்தேன் என்று இந்த வயதில் யாரிடம் சொல்வது? சிரிப்பார்கள்.

இன்று மூன்றாவது தடவை. இன்றும் திரும்பினால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று எனக்கே தெரியும். வண்டியும், அதை நம்பிய பிழைப்பும் அதோடு சரி.

அதனால்தான் அக்காவின் வகுப்பை இந்தப் பக்கம் இழுத்தேன். இன்று நெரிசலில் ஓட்டிப் பழகலாம் என்று சொல்லிவைத்திருந்தேன். லெஃப்ட் என்றால் லெஃப்ட், ரைட் என்றால் ரைட். அக்கா எதுவும் கேட்கவில்லை.

கேட் தெரிந்தது. என் கால் மிதித்தது.

இந்தத் தடவை அக்காவைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. திருப்புங்க, வீட்டுக்குப் போகலாம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது.

அக்கா அவசரப்படவே இல்லை. பின்னால் வந்தவர்களைக் கையைக் காட்டி முன்னே போகச் சொன்னார். ஜன்னலை இறக்கிவிட்டார். என் கால் எப்போது தளர்ந்ததோ, வண்டி மெல்ல நகர்ந்து உள்ளே போனது. ஒரு மரத்தடியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"எனக்கு இங்க ஒரு சின்ன வேலைக்கா" என்றேன்.

"படியிலயே ஏறிப் போங்க டீச்சர். லிஃப்ட்டு ரொம்பக் குறுகல். உங்க வயசுல இதே படபடப்போட இங்க வந்தப்ப எனக்கு அதுக்குள்ளதான் மூச்சு முட்டிச்சு."

எதற்காக வந்தேன் என்று இவரிடம் நான் மூச்சு விட்டதில்லை. எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

"இத்தனை நாளா என் பிரேக் தானா எறங்குதே, டீச்சர்."

இரண்டு பிரேக்கும் ஒன்றோடொன்று இணைத்தவை. ஒன்றை மிதித்தால் மற்றதும் சேர்ந்து இறங்கும். வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள், முதல் பாடமாக அதைச் சொல்லித் தருவதே நான்தான்.

அப்படியென்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தேன்.

"படி எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டேன்.