அக்காவுக்குக் கட்டி

"அக்காவுக்கு மார்புல கட்டியாமே மச்சான்? இப்பவே பொறப்பட்டு வாரேன்" என்று கறம்பக்குடியிலிருந்து போனில் பதறினான் அருள்மணி.

"வேணாம் மாப்ள. நாளைக்கு ஆபரேசன். நாங்களே பாத்துக்கிறோம்" என்று கண்ணுசாமி அவசரமாகப் போனை வைத்தார்.

"கூடப் பொறந்தவன் வந்து பாக்கக்கூடாதா?" என்றாள் அவர் மனைவி பிரகதாம்பாள்.

"நீ சும்மா இரு."

ஆஸ்பத்திரி அறைக்குள் டாக்டர் ரஞ்சிதா வந்தார். "கட்டியோட, பக்கத்துல இருக்குற நல்ல சதையிலயும் கொஞ்சம் எடுத்துக்கலாமா? ஆராய்ச்சிக்குத்தான்."

"நல்ல சதை எதுக்குங்க?" என்றார் கண்ணுசாமி.

"ரெண்டுலயும் இருக்குறது அதே ஜீன்கள்தான். ஆனா கட்டியில சிலது அளவுக்கு மீறி வேலை செய்யும், சிலது தூங்கிரும். நல்லதோட வச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

"அதுக்கு எங்க ரெண்டு பேரையும் வச்சுப் பாத்தாலே போதும் டாக்டர்" என்றார் கண்ணுசாமி. "தூங்குறது நானு."

டாக்டர் சிரித்தார். "சம்மதந்தானே?"

"தாராளமா எடுத்துக்கங்க" என்று கண்ணுசாமியே முந்திக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், சொல்பேச்சு கேட்காமல் ஆப்பிள் பையோடு வந்தேவிட்டான் அருள்மணி. பெண்கள் வார்டு முழுக்கத் தேடி அலைந்து, கடைசியில் நர்ஸ் காட்டிய அறைக்குள் நுழைந்தான். அக்கா நின்று கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கட்டிலில் மார்புக் கட்டோடு கண்ணுசாமி படுத்திருந்தார்.

"மச்சான்! ஒங்களுக்கா?"

"ஆம்பளைக்கும் வருமாம்டா. வெளிய சொல்ல வெக்கமாப் போச்சு. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒங்கக்கா பேருக்கு ஒரு குழி நெலங்கூட மாத்தினதில்ல. மொதமொதலா மாத்திவிட்டது இந்தக் கட்டியத்தான்."